மச்சாளின் மூங்கிலிலைக் கொழுக்கட்டைகள்

அண்ணா தான் கட்டப்போகும் பெண்ணை முதன்முதலாக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, அவருடைய கையில் இலைப் பொட்டலங்கள் ஒரு கொத்தாகத் தொங்கின. பூவோ கேக்கோ கொண்டுவருவார் என்று நான் நினைத்திருந்தேன். நீண்ட மூங்கில் இலைகளில் சுற்றி, நடுவிலும் இரு முனைகளிலும் காய்ந்த கோரைப் புல்லால் இறுக்கிக் கட்டி, எல்லாவற்றையும் சேர்த்துத் தலைப்பில் ஒரு முடிச்சு. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் கொத்தை இரு கைகளாலும் ஏந்தி அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி மேசையில் வைத்து, ஒன்றைப் பிரித்தார். இலை உரிந்ததும் கரும்பச்சை நிறத்தில், பளபளவென்று ஒரு கொழுக்கட்டை. மூக்கருகே கொண்டுபோய், "மரிக்கொழுந்து மாதிரி மணக்குது" என்றார். பிறகு இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்தார். சிவப்புப் பயற்றை அவித்து மசித்துச் சீனி சேர்த்த உள்ளடை. "உள்ளுக்குத் தேங்காய்ப்பூ போடேல்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிட்ட இரண்டு பாதிகளையும் தட்டில் வைத்துவிட்டார். குறை தேங்காய்ப்பூ அல்ல என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணாவுக்கென்று சுன்னாகத்திலிருந்து வந்த வேறொரு பெண்ணின் சாதகக் குறிப்பு அப்போது சாமிப்படத்துக்குக் கீழே மேசை லாச்சியில் கிடந்தது. அந்தத் தட்டிலிருந்ததை நான்தான் எடுத்துத் தின்றேன். பல்லில் ஒட்டியது. பிடித்திருந்தது.

அவரை நான் மச்சாள் என்று கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஜப்பானின் நீகாத்தா என்ற பகுதியில், மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஆங்கிலம் படிக்கவென்று ரொறன்ரோவுக்கு வந்து, படிப்பு முடிந்த பிறகு எற்றோபிக்கோவில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அண்ணா பிறம்ரனில் ஒரு பண்டகசாலையிலிருந்து ட்ரக்கில் மாமூட்டை கொண்டுபோய் அந்தப் பேக்கரியில் இறக்குவார். கையெழுத்து வாங்குகிற பழக்கம் தேநீராகி, தேநீர் கல்யாணத்தில் வந்து நின்றது. அம்மா மறுத்துப் பேசவில்லை, கோயிலுக்கு வந்து அட்சதை போட்டார், படத்துக்கு நின்றார். ஆனால் அந்த வருடம் முழுக்க ஊரிலிருந்து ஆர் போன் எடுத்தாலும், கல்யாணப் பேச்சு வந்ததும் ரிசீவரை என்னிடம் தந்துவிடுவார். அப்பா உயிரோடு இல்லை. அம்மா அண்ணாவோடுதான் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அதனால் ரெக்ஸ்டேலில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகக் குடியேறினார்கள். நான் என் கணவரோடு மிசிசாகாவில் இருந்தேன், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை.

அண்ணா பகலெல்லாம் வீதியில். வீட்டில் இரண்டு பெண்கள், இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் பஸ் ஏறுகிற அளவுக்குத்தான் வரும். ஆகவே மச்சாள் தமிழ் படித்தார். புத்தகத்தில் அல்ல, குசினியில். அம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சொல்லிப் படித்தபடியால், ஜப்பானிய முகத்தோடு அசல் யாழ்ப்பாணத்துக் கதை கதைத்தார். "வாறன்", "போட்டு வாறன்", "காணும், காணும்". ஒரு விசயத்தில் மட்டும் அம்மாவைப் பின்பற்றவில்லை. எல்லாரையும் "நீங்கள்" என்றுதான் சொல்லுவார். என் பிள்ளைகள் தவழ்கிற வயதில்கூட "நீங்கள் ஏன் அழுறீங்கள்?" என்று கேட்பார். வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்ட பூனைக்கும் அதே மரியாதை. "மாமி, பூனை இண்டைக்குச் சாப்பிடேல்லை. அவருக்குச் சுகமில்லையோ தெரியேல்லை" என்று அவர் கவலைப்பட்டதை அம்மா எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தபோதுதான், அந்த வீட்டில் ஏதோ இளகத் தொடங்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பேக்கரி மூடப்பட்டதும் மச்சாள் சொந்தமாகக் கொழுக்கட்டை செய்து விற்கத் தொடங்கினார். ஜப்பானியக் கொம்பனிகளில் வேலை செய்ய வந்து மிசிசாகாவில் குடியிருந்த குடும்பங்கள், படிக்க வந்த பிள்ளைகள், ஜப்பானியரைக் கட்டிய வெள்ளைக்காரர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அதுவரை ஜப்பானியர் எல்லாரும் ஒரே கொழுக்கட்டையைத்தான் தின்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சென்டாய்க்காரருக்குப் பச்சைச் சோயா விதையை இடித்து மேலே அப்ப வேண்டும். நகானோக்காரருக்கு உள்ளே கீரை வதக்கி வைத்துச் சுட வேண்டும். குமமோத்தோவில் இனிப்பான வத்தாளங்கிழங்குத் துண்டையும் பயற்றையும் ஒன்றாக வைத்து மாவால் மூடி அவிப்பார்களாம். அதற்குப் பெயரே 'திடீர்க் கொழுக்கட்டை', வீட்டுக்குத் திடீரென்று ஆள் வந்தாலும் செய்து கொடுத்துவிடலாம் என்பதால். வருடப் பிறப்புக்கு இடிக்கிற பசையரிசிக் கட்டியைக் கிழக்குப் பக்கத்தார் சதுரமாக வெட்டுவார்கள், மேற்குப் பக்கத்தார் உருட்டுவார்கள். ஒருமுறை ஒசாக்காவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குச் சதுரக் கட்டிகள் மாறிப் போய்விட, அவர் அதே பெட்டியோடு பனிக்குள் காரோட்டித் திரும்பி வந்தார். சுவை ஒன்றுதானே என்று நான் கேட்டேன். மச்சாள் கோபிக்காமல் சொன்னார்: "எல்லாருக்கும் தங்கட ஊர்க் கொழுக்கட்டைதான் கொழுக்கட்டை. மற்றது வெறும் மா உருண்டை."

அவருக்கு அவருடைய ஊர்க் கொழுக்கட்டை முதல் நாள் கொண்டுவந்த அந்த மூங்கிலிலைக் கொழுக்கட்டைதான். அதற்குப் பச்சை நிறமும் வாசமும் கொடுப்பது ஒரு காட்டுச் செடி. அந்தச் செடி ரொறன்ரோவில் களையாக முளைக்கிறது. அதைக் கண்டுபிடித்த நாளில் அவருக்கு இருந்த சந்தோசம் கொஞ்சமல்ல. வசந்தத்தில் பனி கரைந்து குளிர் விடுவதற்கு முன்பே ஹம்பர் ஆற்றங்கரைக்கு இருவரும் போவார்கள், மச்சாள் கத்தரிக்கோலோடு, அம்மா பிளாஸ்ரிக் பையோடு. நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் நின்று பார்ப்பார்களாம். சாறியும் குளிர்ச்சட்டையும் சப்பாத்துமாக அம்மா குனிந்து தளிர் கிள்ளுவதை நானும் ஒருமுறை பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவித்து, பிழிந்து, அரைத்து, மாவோடு பிசைவார்கள். மா பிசைகிற பதம் அம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கட்டுகிற வேலைதான் புதிது. இலை மூன்று வைத்து, கொழுக்கட்டையை நடுவில் கிடத்தி, கோரையை ஒரு முனையிலிருந்து சுற்றி மறு முனைக்குக் கொண்டுபோய், நடுவில் இறுக்க வேண்டும். அம்மாவின் கைக்கு அது ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. பிறகு அந்தப் பகுதி முழுக்க அம்மாவின் பொறுப்பாகிவிட்டது.

அம்மாவுக்கு இனிப்பை விட உறைப்புத்தான் விருப்பம். நீகாத்தாவில் அந்தக் காலத்தில் இரண்டு வகை செய்வார்களாம். பயறும் சீனியும் வைத்தது பெண் கொழுக்கட்டை. கிழங்கு வேரைச் சீவி, உப்பும் உறைப்புமாக வதக்கி வைத்தது ஆண் கொழுக்கட்டை. மச்சாள் இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப எனக்கு ஆம்பிளையைத் தாரும்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது விளங்கி வாயைப் பொத்திக்கொண்டார். அன்று அண்ணாவும் வீட்டில் இருந்தார். மூன்று பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த வீட்டில் சந்தோசம் இருந்தது என்பதற்கு நான் சாட்சி. பின்னால் நடந்ததை வைத்து, தொடக்கத்திலிருந்தே எல்லாம் பிழை என்று உறவினர்கள் பேசியபோது எனக்கு ஆத்திரம் வந்தது அதனால்தான்.

மச்சாளுக்குப் பிள்ளை தங்கவில்லை. முதல் முறை வயிற்றில் வந்தது யாருக்கும் தெரியுமுன்பே போய்விட்டது. இரண்டாவது முறை மாதங்கள் கழிந்து, அம்மா வளைகாப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய பிறகு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.  அண்ணா வேலைக்குப் போனார். அம்மா மட்டும் பெரிய பானையை அடுப்பில் வைத்து, பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கிற மருந்துச் சரக்கை வறுத்து இடித்துக் கறி வைத்தார். வெந்நீர் வைத்து, வேப்பெண்ணெய் தேய்த்து முழுக வார்த்தார். நான் அன்று அங்கே போயிருந்தேன். பிள்ளையில்லாத வீட்டில் இந்த மணம் வரக்கூடாதே என்று எனக்குப் பயமாக இருந்தது. "அம்மா, உது இப்ப வேணுமோ? அவவுக்கு இன்னும் கவலையாயிருக்கும்" என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா அகப்பையை வைக்காமலே பதில் சொன்னார்: "பிள்ளை வரேல்லை எண்டாலும் உடம்பு பெத்த உடம்புதான். அதை ஆர் பாக்கிறது?" மச்சாள் எழுந்து உட்கார்ந்து அந்த உறைப்புக் கறியைச் சோற்றோடு பிசைந்து, கண்ணீர் வழிய வழிய முழுவதையும் சாப்பிட்டார். அதுவரை அம்மா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தார். அதற்குப் பிறகு "பிள்ளை" என்று கூப்பிட்டார்.

அண்ணா மேற்கு நோக்கிய நீண்ட ஓட்டங்களை எடுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அல்பேர்ட்டாவுக்குப் போனால் வர இரண்டு வாரம் ஆகும். பிறகு மூன்று வாரம் ஆனது. பிறகு அங்கேயே ஒரு அறை எடுத்திருப்பதாகச் சொன்னார். ஒரு நாள் அலுவலகத்தில் எனக்குப் போன் வந்தது. அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணோடு இருப்பதாகவும், திரும்பி வரப் போவதில்லை என்றும், மச்சாளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.  "அம்மாவை நீ கூட்டிக்கொண்டு போ. அங்கை இனி எப்பிடி இருக்கிறது? அவவுக்கும் கரைச்சல்" என்றார். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட வேண்டிய சொற்கள் எல்லாம் போனை வைத்த பிறகுதான் வந்தன.

அடுத்த சனிக்கிழமை காலை ரெக்ஸ்டேலுக்குப் போனேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளை ஒரே அறையில் போட்டு அம்மாவுக்கு ஒரு அறை ஒழுங்காக்கி வைத்திருந்தோம். காரின் பின்பக்கத்தில் வெறும் சூட்கேஸ்கள் இரண்டு. போனால், இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே பூனை. மச்சாளின் முகம் வீங்கியிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. நான் வந்த விசயத்தைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே ஒரு முடிச்சை இறுக்கினார்.

"நான் வரேல்லை" என்றார்.

"அம்மா, அண்ணா இல்லாத வீட்டில நீங்கள் என்னெண்டு இருப்பீங்கள்? சனம் என்ன சொல்லும்?"

"சனம் வந்து இலை கட்டித் தராது. அடுத்த கிழமைக்கு எவ்வளவு ஓடர் கிடக்கு தெரியுமே உனக்கு?"

நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் சொன்னால் அம்மா கேட்பார் என்று நினைத்தேன். அவர் மாப்படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மச்சாள், நான் மாமியைப் போகச் சொல்ல மாட்டன். இருக்கச் சொல்லவும் மாட்டன். மாமி யோசிக்கட்டும்."

"நான் யோசிச்சிட்டன்" என்றார் அம்மா. "அவன் போனான் எண்டு நானும் போனா, பிறகு இவவுக்கு நாங்கள் ஆர்? உன்ரை வீட்டில எனக்கு ரீவி பாக்கிறதுதான் வேலை. இஞ்சை எனக்கு வேலை இருக்கு. நீ தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

வெறும் சூட்கேஸ்களோடு நான் நெடுஞ்சாலையில் திரும்பி வந்தேன். பெற்ற மகளின் வீட்டை வேண்டாம் என்றுவிட்டு, மகன் விட்டுப்போன மருமகளோடு இருக்கிறேன் என்கிற அம்மாவை நினைத்துக் கோபமாக இருந்தது. ஒழுங்காக்கி வைத்த அந்த அறையின் கதவைப் பல நாள் நான் திறக்கவில்லை. என் கணவர்தான் ஒரு நாள், "மாமி தனக்கு எங்கை ஆறுதல் எண்டு சொல்லிப்போட்டா. அதை விட வேறென்ன?" என்று சொல்லி, பிள்ளைகளின் கட்டிலை அங்கே நகர்த்தினார். கோபம் எப்போது போனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. போய்விட்டது.

அப்படியே அவர்கள் பல வருடங்கள் இருந்தார்கள். விவாகரத்துப் பத்திரங்கள் வந்தன, மச்சாள் கையெழுத்து வைத்தார். நீகாத்தாவிலிருந்து அவருடைய தகப்பன் திரும்பி வரச் சொல்லிக் கேட்டபடி இருந்தார். மச்சாளின் கல்யாணம் முடிந்த புதிதிலேயே தாய் இறந்துபோயிருந்தார். ஒவ்வொரு முறையும் மச்சாள், மாமி இருக்கிறா, வரமுடியாது என்று சொன்னாராம். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. போனில் ஜப்பானிய வார்த்தைகளுக்கு நடுவே 'மாமி, மாமி' என்று வருவதைக் கேட்டு அம்மாவே ஊகித்துக்கொண்டார். அண்ணா ஒரு கோடையில் தன் புது மனைவியோடு வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா இருவருக்கும் சோறு போட்டார், அந்தப் பெண்ணிடம் ஊர் பேர் விசாரித்தார், வாசல் வரை போய் வழியனுப்பினார். மச்சாள் அன்று எங்கள் வீட்டில் இருந்தார். பிள்ளைகளுக்கு மா உருட்டக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் உருட்டி முடித்த பிறகு, "இப்ப போகலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா ஒரு மாரிகாலத்தில் காலையில் எழும்பி, பல் துலக்கப் போன இடத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார், கண் திறக்கவில்லை. மச்சாள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இருக்க, மூச்சு நின்றது. அண்ணா அன்று மத்தியானமே விமானம் பிடித்து வந்துவிட்டார், மனைவியும் கூட வந்தார். எல்லாரும் ரெக்ஸ்டேல் வீட்டில்தான் கூடினோம். வேறெங்கே கூடுவது? என் கணவர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மரண அறிவித்தலை எழுதத் தொடங்கினார். எங்கள் ஆட்களுக்கு அந்த அறிவித்தல் சின்ன விசயமல்ல. இறந்தவர் ஆருக்கு மகள், ஆருக்கு மனைவி, ஆருக்குத் தாய், ஆருக்கு மாமி என்று வரிசையாகப் போகும். ஊரில், லண்டனில், பாரிஸில் இருக்கிற சனமெல்லாம் வாசித்து, ஆரின் பெயர் இருக்கிறது, ஆரின் பெயர் இல்லை என்று பார்க்கும். பிள்ளைகளின் பெயர்கள் முடிந்து மருமக்களின் இடம் வந்தது.

"மருமகள் எண்ட இடத்தில இவவின்ரை பேரைப் போடுங்கோ" என்று அண்ணா பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டினார்.

"மச்சாளின்ரை பேர்?" என்று கேட்டேன்.

"அவவுக்கும் எங்களுக்கும் இப்ப என்ன உறவு? அவ அம்மாவைப் பாத்தவ, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒருத்தனுக்கு ரெண்டு பேரைப் போட்டால் வாசிக்கிற சனம் சிரிக்கும்."

மச்சாள் குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். அவர் எதையும் தனக்கென்று கேட்டு நான் கண்டதில்லை. இதையும் விட்டுவிடுவார், பிறகு அந்தப் பாரத்தை நான்தான் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் தட்டை மேசையில் வைத்தார். ஒவ்வொரு கோப்பையையும் ஒவ்வொருவருக்கு முன்னால் நகர்த்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"என்ர பேர் போடுங்கோ" என்றார். "நான் உங்கட மனிசி இல்லை. அது சரி. ஆனா மாமிக்கு நான் மருமகள். மாமி அதை மாத்தேல்லை. நீங்கள் மாத்த ஏலாது."

 அண்ணா வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் அவருடைய மனைவி பேசினார். அதுவரை அவர் அந்த வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"அக்கா சொல்லுறது சரி. அவவின்ரை பேரைப் போடுங்கோ. என்ரை பேர் வேண்டாம். நான் மாமியை ஒருக்காத்தான் பாத்தனான்."

அண்ணா எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். யன்னலால் பார்த்தபோது கராஜுக்கு முன்னால் குவிந்திருந்த பனியைச் சவளால் தள்ளிக்கொண்டிருந்தார். என் கணவர் மச்சாளின் பெயரை எழுதினார். ஜப்பானியப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று அவருக்குச் சந்தேகம் வர, மச்சாள் குனிந்து பார்த்து ஓர் எழுத்தைத் திருத்தினார்.

இறுதிச்சடங்கு மண்டபத்தில் அம்மாவைப் பார்வைக்கு வைத்த அன்று காலை மச்சாள் ஒரு சின்னத் தட்டில் வெள்ளை உருண்டைகளைக் கோபுரம் போல அடுக்கிக் கொண்டுவந்தார். உப்பும் இல்லை, சீனியும் இல்லை, உள்ளே ஒன்றுமில்லை. வெறும் அரிசிமாவும் தண்ணீரும். இறந்தவருடைய தலைமாட்டில் இதை வைப்பது அவர்களுடைய வழக்கமாம். எத்தனை வைப்பது, எப்படி அடுக்குவது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறுமாம். "போற வழிக்குச் சாப்பாடு" என்றார். "வைக்கலாமோ? பிழை எண்டால் வீட்டை கொண்டு போறன்." ஸ்காபரோவிலிருந்து வந்திருந்த சின்னம்மா, "உதென்ன பிள்ளை, உது எங்கட முறையில்லையே" என்று முணுமுணுத்தார். நான் ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் தர்ப்பையை முறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அரிசிமா உருண்டைதானே? நாங்களும் பிண்டம் வைக்கிறம். இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

கிரியை நடந்தது. சுண்ணம் இடித்தோம். என் பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். பெண்கள் வரிசையாகப் போய் வாய்க்கரிசி போட்டபோது, ஐயர் அறிவித்தலை வாசித்திருப்பார் போல, "மருமகள் வாங்கோ" என்று மச்சாளைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். அவர் அம்மாவின் சாறியைக் கட்டியிருந்தார். அரிசியைப் போட்டுவிட்டு, அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார், எந்த மொழியில் என்று எனக்குக் கேட்கவில்லை. பெட்டியை மூட ஆள் வந்தது. மச்சாள் அந்தத் தட்டைப் பார்த்தபடி தயங்கி நின்றார். கேட்பதா வேண்டாமா என்ற தயக்கம். அண்ணா அதைக் கண்டார். அவர் ஒருவருக்குத்தான் அது விளங்கியிருக்க முடியும். மச்சாளின் தாய் இறந்தபோது நீகாத்தாவுக்குப் போய் அந்தச் சடங்கில் நின்று, பெட்டியை மூடுமுன் உருண்டைகளையும் உள்ளே வைப்பதைக் கண்டவர் அவர். தட்டை எடுத்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக அம்மாவின் தோளருகே வைத்தார். ஒன்று நழுவித் தரைவிரிப்பில் விழுந்தது. குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, அதையும் வைத்தார். மச்சாள் அவரைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார், அவர்களுடைய முறைப்படி. அண்ணாவும் பதிலுக்கு அதே போலக் குனிந்தார். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

மச்சாள் ஜப்பானுக்குத் திரும்பிப் போவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள், நானும் எதிர்பார்த்தேன். மாமி இருக்கிறா என்று சொல்ல இனிக் காரணமில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து போனார். தகப்பனோடு சில மாதங்கள் இருந்தார். அங்கே போனபின் அவரிடமிருந்து அதிகம் செய்தி வரவில்லை. பூனை எங்கள் வீட்டில் இருந்தது. அவருடைய தகப்பனும் காலமானார் என்று அறிந்தபோது, பூனையை இனி நாங்களே வைத்துக்கொள்வதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வசந்தத்தில் ஒரு பின்னேரம் விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. "மச்சாள், வந்திட்டன். உங்கட வேலை முடிஞ்சால் என்னை ஏத்துறீங்களோ? பாரம் கனக்க இருக்கு." போய்ப் பார்த்தால், பெட்டி நிறைய அவருடைய ஊர் மலையடிவாரத்தில் வெட்டிக் காயவைத்த மூங்கிலிலைக் கட்டுகள். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. காரில் ஏறியதும் அவரே சொன்னார்: "அங்கை எல்லாரும் நல்லவை. ஆனா ஆரோடையும் தமிழ் கதைக்க ஏலாது."

இப்போது அவர் எங்கள் வீட்டுக்கு நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் அவரிடம் போய் இலை கட்டிக் கொடுக்கிறேன். என் கட்டு இறுக்கமில்லை என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். போன சனிக்கிழமை ஒரு இளம் ஜப்பானியப் பெண் கைக்குழந்தையோடு வந்தார். கணவருக்கு மாற்றலாகி வந்து சில வாரங்கள்தானாம். குமமோத்தோக்காரி, வத்தாளங்கிழங்குக் கொழுக்கட்டை கேட்டு வந்திருந்தார். இருவரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் அந்தப் பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்க, மச்சாள் திரும்பிப் பார்க்காமலே ஒரு சொல்லில் பதில் சொன்னார். அந்தப் பெண் உடனே எழுந்து என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். நானும் மாக்கையோடு குனிந்தேன்.

அவர் போன பிறகு, "என்ன கேட்டவ?" என்றேன்.

"நீங்கள் ஆர் எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"இமோத்தோ எண்டன். தங்கச்சி. எங்கட பாசையில மச்சாளையும் அப்பிடித்தான் சொல்லுறது." கையிலிருந்த கோரையை இழுத்து இறுக்கியவர், கொஞ்சம் யோசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப உங்கட அண்ணாவும் என்னோடை இல்லை, மாமியும் இல்லை. அப்பிடிச் சொன்னது பிழையோ?"

"பிழை இல்லை" என்றேன்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த இலைக் கட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.